மீன் தலை தின்ற சுற்றுலாக்காரி

மோரி,
பிப்ரவரி 9, திங்கள்

அட்லாண்டிக் அலைகளுக்கு ஆணையிடுபவனும், எட்டு நாட்டுப் பயணிகள் வழிதெரியாமல் அழும்போது கைகொடுப்பவனும், உன் அம்மாவின் ஒரே அண்ணனுமாகிய எபோ குவான்சா, ஹாம்பர்க் என்னும் ஐஸ்பெட்டிக்குள் நர்ஸ் வேலை பார்க்கும் மருமகள் எகுவாவுக்கு எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அங்கே உறைந்துபோகாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

இதைக் கொண்டுவரும் உன் சிநேகிதி நல்ல பெண்தான். ஆனாலும் உறையை மூன்று தடவை ஒட்டி, ஒட்டிய இடத்தில் குறுக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கையெழுத்து கோணியிருந்தால் உடனே சொல். ஏன் மாமா, போனில் சொன்னால் போதாதா என்பாய். நான் போனில் பேசினால் மோரி முழுக்கக் கேட்கும். காற்று சரியாக இருந்தால் போன் இல்லாமலே உனக்கும் கேட்கும். இது ரகசியம்.

உன் அம்மா அஜோவா நலம். மீன் புகைக்கிறாள், திட்டுகிறாள், ஞாயிறு தவறாமல் கோயிலில் எல்லோரையும்விட உரக்கப் பாடுகிறாள். மாத்திரை ஒருநாள்கூடத் தவறவில்லை. ஆகஸ்டுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அந்தப் பேச்சு இப்போது எதற்கு?

உன் ஃபீஃபியின் வீட்டார் செக்கொண்டியிலிருந்து வந்து இன்னும் நம் கதவைத் தட்டவில்லை. பெண் கேட்டு, முறைப்படி ஒரு ஜின் பாட்டிலோடு வந்து நிற்க ஐந்து மாதமா? நான் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து, நாற்காலிக்கு வேர் விட்டுவிட்டது. எனக்கு அந்தப் பையன்மேல் சந்தேகம்தான். போட்டோவில் அவன் பல்வரிசை தேவைக்கு மேல் நேராக இருக்கிறது.

போகட்டும். விஷயம் என்னவென்றால், போன வாரம் நான் ஒற்றை ஆளாக நம் தென்னந்தோப்பைக் காப்பாற்றிவிட்டேன்.

பக்கத்துக் குடும்பத்தாரின் கடற்கரையை ஓட்டல்காரர்கள் வாங்கிய கதை உனக்குத் தெரியும். இப்போது சுவர் எழுப்பிவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண்கள் கடலைப் பார்க்க அரை மைல் சுற்றிப் போகிறார்கள். அதே கூட்டம் நம் தோப்பின்மேலும் கண் வைத்திருக்கிறது என்று நான் இரண்டு வருடமாகச் சொல்கிறேன். யாரும் கேட்கவில்லை. இப்போது கேள்.

வழக்கம்போல நான் வழிகாட்டியாகப் போகும் ஏழு நாள் கரைச் சுற்றுலா. அக்ராவில் பஸ் ஏறி, கோட்டைகள், அந்தக் காலத்து ஊர்ப் படைக்கூட்டங்கள் கட்டிவைத்த சிமெண்ட் சிங்கங்கள், நம் ஊர்க் கடற்கரை, புசுவாவில் குளியல், திரும்ப அக்ரா. பதினோரு பேர். அதில் ஒரு அம்மாள், அறுபது வயசு இருக்கும், வண்டிச் சக்கரம் அளவு வைக்கோல் தொப்பி. பெயர் பாட்ரிசியாவாம். அட்லாண்டாவில் பிறந்து வளர்ந்தவராம். நம் பாஷை ஒரு சொல் தெரியாதாம்.

முதல் நாளே எனக்கு மூக்கு அரித்தது. சீட்டை நீட்டினார், வலக்கையால். இடக்கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அதை யார் சொல்லிக்கொடுத்தது அட்லாண்டாவில்? வின்னெபாவில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மற்ற பத்துப் பேரும் கண்டபடி கைகொடுக்க, இந்த அம்மாள் மட்டும் வலக்கோடியில் ஆரம்பித்து ஒழுங்காக இடக்கோடியில் முடித்தார். நம் டிரைவர் பேனினிடம் நான் நம் பாஷையில், “அந்தத் தொப்பிய கவுத்துப் போட்டா நாலு பேர் ஏறி மீன் பிடிக்கப் போலாம்டா” என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாளின் தோள் குலுங்கியது.

கொர்மன்ட்சியில் மத்தியானச் சாப்பாடு. வெள்ளைக்காரர்கள் சோளத்தோலில் சுற்றி அவித்த கெங்கே மாவுருண்டையை முள்கரண்டியால் குத்திக் கொலை செய்துகொண்டிருந்தார்கள். இந்த அம்மாள் சோளத்தோலை மூன்றே இழுப்பில் உரித்தார். மிளகாயில் தொட்டார். அப்புறம் மீனின் தலையைப் பிய்த்து, கண்ணை உறிஞ்சி, எலும்பைத் தட்டின் ஓரத்தில் அடுக்கினார். எகுவா, அட்லாண்டாவில் மீனுக்குத் தலையே கிடையாது. அந்த நிமிஷமே முடிவு செய்தேன், இது நம்ம ஊர்க்காரி, வேஷம் போட்டு வந்திருக்கிறாள் என்று.

பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. சிங்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை, கடலைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் குடும்பத் தலைவர் யார்? வழக்கு வியாஜ்யம் உண்டா? உங்கள் அப்பா எப்படி இறந்தார்? பரம்பரை வியாதி ஏதும் இருக்கிறதா? சகோதரிக்கு எத்தனை பெண்கள், எங்கே இருக்கிறார்கள், குணம் எப்படி? நம்மில் நிலம் பெண்வழியில் இறங்கும். நிலம் வாங்க வருகிறவன் முதலில் விசாரிப்பது கையெழுத்துப் போடப்போகும் பெண்களைத்தான். எனக்கா தெரியாது?

விரட்டினால் வேறொருத்தியை அனுப்புவார்கள். அதனால் இனிமேல் இந்தப் பக்கம் எவனும் தலைவைக்காதபடி, உலகத்தில் இருக்கிற மகா அவலங்களையெல்லாம் நம் குடும்பத்துக்கு வாரி வழங்கினேன். வழக்குகளா? பத்தொன்பது, ஒரு வழக்கில் வாதியும் பிரதிவாதியும் நானே. அப்பாவா? நீதிபதியைக் கடித்துவிட்டுச் செத்தார். வியாதியா? காக்காய்வலிப்பு, கைத்திருட்டு, தலைமுறைக்கு ஒரு பைத்தியம், அது தவறினால் இரண்டு. உன்னையும் விடவில்லை. ஹாம்பர்க்கில் ஒரு மருமகள், கோபம் வந்தால் நோயாளியோடு கட்டிலைத் தூக்கி எறிவாள், கட்டிக்கொள்ள வந்த இரண்டு பேர் இன்னும் நொண்டுகிறார்கள், அவளிடம் கையெழுத்து வாங்குவதைவிடச் சுறாவிடம் பல் வாங்குவது சுலபம் என்றேன். அந்த அம்மாள் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

செவ்வாய்க்கிழமை நம் ஊர். நான் பிறந்த கிழமை என்பதால் கடல் அன்று விடுமுறை எடுத்துக்கொள்கிறது. படகெல்லாம் மணலில் கிடக்க, ஆண்கள் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உன் அம்மாவின் அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அஜோவா புகைமீன் ஒன்றை இலையில் சுற்றிக் கையில் கொடுக்கிறாள். எங்கே கையெழுத்தும் கொடுத்துவிடுவாளோ என்று பாய்ந்து ஓடி நடுவில் விழுந்தேன். உன் அம்மா, “எதுக்கு இப்படி ஓடி வர்ற, உன்ன யாரு தூக்கிட்டுப் போகப்போறா?” என்றாள்.

எல்மினா கோட்டையில் மட்டும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை. உனக்குத் தெரியும், கப்பலேற்றும் வரை அடிமைகளை அடைத்துவைத்த அந்த இருட்டறைக்குள் நான் கதை விடுவதில்லை. அங்கே நடந்ததைச் சொன்னாலே போதும்.

அக்ராவில் பிரியும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு மனம்திறந்து சொன்ன மனிதரை இதுவரை பார்த்ததில்லை என்றார். முகத்தில் ஈ ஆடவில்லை. ஓட்டல்காரர்கள் இனிப் பத்து வருஷத்துக்கு மோரிப் பக்கம் வரமாட்டார்கள். எனக்குச் சிலை வைப்பதென்றால் சிங்கத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல், சிங்கம் பயந்தாலும் பரவாயில்லை.

கடல் தாண்டியும் உன்னைக் காவல்காக்கும்
மாமா எபோ


மோரி,
மார்ச் 12, வியாழன்

எகுவா, என் கண்ணே,

உன் செய்தி வந்தது. “மாமா, அது ஃபீஃபியின் பெரியம்மா. என்ன சொன்னீர்கள்?” ஆறே வார்த்தை. ஆறையும் விழுங்கிவிட்டு இரண்டு நாள் வேறெதையும் விழுங்க முடியவில்லை.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதவு தட்டுவதற்கு முன்னால் ரகசியமாக ஆள் அனுப்பிப் பெண் வீட்டை விசாரிக்காத குடும்பம் இந்தக் கரையில் உண்டா? நம் குடும்பத்துப் பையன் குவேக்குவுக்குப் பெண் பார்த்தபோது ஆட்டு வியாபாரி வேஷத்தில் சால்ட்பாண்டுக்குப் போனவன் நானேதான். ஒரே ஆட்டுக்கு மூன்று நாள் பேரம் பேசி, அந்த வீட்டில் யார் இருமுகிறார்கள், யார் அடிக்கிறார்கள் என்று எல்லாம் தெரிந்துகொண்டு வந்தேன். வியாதி, வழக்கு, குணம், சாவு, அதே கேள்விகள். இருந்தும் எனக்கு நிலம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கதவை யார் தட்டுவார்கள் என்று ஐந்து மாதம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவன், தட்டியவளை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஒரு பாட்டிலை வாங்கி, நல்ல துணியைத் துவைத்துப் போட்டு, செக்கொண்டிக்குப் போய்க் காலில் விழுவதென்று இருந்தேன். துணி காய்வதற்குள், போன செவ்வாய்க்கிழமை, அவரே வந்துவிட்டார். பெயர் மான்சா. தொப்பி இல்லை. நான் தண்ணீர் கொடுத்தேன், வந்த காரியம் கேட்டேன்.

அவர் சிரித்தார். “தம்பி, நீ சொன்னதயெல்லாம் அன்னிக்கே இந்த ஊர்ல நாலு அடுப்படியில கேட்டுட்டேன். எபோவா சொன்னான், அப்போ அப்படி இருக்காதுன்னு நாலு பேரும் ஒரே பதில். நீ கெட்டதுன்னு சொன்னா நல்லதுன்னு எழுதிக்கிட்டேன்.”

நான் வாழ்நாள் முழுக்க உழைத்துச் சேர்த்த பெயர், மருமகளே, உன் கல்யாணத்தைக் காப்பாற்றிவிட்டது. ஈஸ்டர் சனிக்கிழமை முறைப்படி வருகிறார்கள். உன் குணம் பற்றி உன் சிநேகிதிகளிடம் ஏற்கெனவே விசாரித்தாயிற்றாம். கட்டிலை மட்டும் ஒருமுறை பார்க்க ஆசையாம்.

இதோடு பேனாவை மூடிவைக்கத்தான் எனக்கும் ஆசை.

ஆனால் அடுத்து அவர், கல்யாணம் ஆகஸ்டில் இருக்கட்டும், அப்போதுதான் வெளிநாட்டிலிருக்கும் எல்லோருக்கும் லீவு கிடைக்கும் என்றார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். மறைத்துக் கட்டிக்கொடுத்துப் பின்னால் தெரியவந்தால், பெண்ணைத் திருப்பி அனுப்பினாலும் நாம் வாய் திறக்க முடியாது. அது நம் முறை. அதனால் சொன்னேன். கூட்டாமல், குறைக்காமல், கோட்டைக்குள் பேசுகிற குரலில் சொன்னேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆகஸ்டில் என் தங்கை புருஷனின் படகு போனது, வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் மூன்று வாரம், சில வருஷம் நாலு, அவளுக்கு எங்களை அடையாளம் தெரியாது. பேச்சில்லை. விடிந்ததும் கரைக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள், பிடித்துக்கொண்டு வர வேண்டும். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மற்ற பதினோரு மாதமும் அவளைப்போல ஒரு மனுஷி இந்தக் கரையில் கிடையாது.

மான்சா அம்மாள் கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தார்.

“பத்தொம்பது வழக்கு போதாதுன்னு இது வேறயா? ஆகஸ்ட்ல அவங்க அபிஜான்ல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிடுவாங்கன்னு எகுவா சொல்லியிருக்கா, ஃபீஃபி எங்கிட்டச் சொன்னான். இந்த ஒரு வருஷம் போக வேணாம்னு சொல்லு, கல்யாணம் முடிஞ்சு போகட்டும். அந்தத் தங்கமான பொம்பளயப் போய் பைத்தியம்ங்கிற, வாய் அழுகிடும் தம்பி.”

சத்தியம் செய்தேன். அதற்கு இன்னும் சிரித்தார். அன்றைக்கே எல்மினாவில், அந்த இருட்டறையில் வைத்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரோ என்னவோ. என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நான் சொல்கிற உண்மை இந்தக் கரையில் செல்லாது.

அபிஜானில் உன் அம்மாவுக்கு அக்கா கிடையாது, எகுவா. அக்காவே கிடையாது, நான் மட்டும்தான் இருக்கிறேன். அந்தக் கதையைக் கேட்டதுமே எனக்கு யார் வேலைப்பாடு என்று தெரிந்துவிட்டது. தூரத்து ஊர், ஒரு சொந்தம், சரிபார்க்க முடியாத மாதம். நல்ல வேலைப்பாடு. என்னுடையது மாதிரியே இருக்கிறது. நம்மில் மாமன் சொத்து மருமக்களுக்குத்தான் போகிறது. தோப்பை எடுத்துக்கொள், வீட்டை எடுத்துக்கொள், என் சிலையையும் எடுத்துக்கொள். இதை மட்டும் எடுத்துக்கொள்ளாதே.

அவனுக்குச் சொல்லியிருப்பாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. பயந்திருப்பாய். நானும் அந்த ஆகஸ்டுகளில் பஸ்ஸோடு புசுவா வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தவன்தான், பாதி நாள் அவளைக் கரையிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தது பக்கத்து வீட்டார்.

ஈஸ்டர் சனிக்கிழமைக்கு முன்னால் ஃபீஃபியிடம் நீயே சொல். நான் சொன்னால் பொய், நீ சொன்னால்தான் நிற்கும். கேட்டுவிட்டு அவன் போய்விட்டால், நான் செக்கொண்டிக்குப் போய் அந்தப் பல்வரிசையைக் கோணலாக்கிவிட்டு வருகிறேன். இருந்தால், ஆகஸ்டை விட்டு வேறு எந்த மாதத்தில் வேண்டுமானாலும் கடலையே நிறுத்திவைத்து உன் கல்யாணத்தை நடத்துகிறேன்.

இன்னொன்று. இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். நாங்கள் பேசியபோது உன் அம்மா பின்கட்டில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். நம் வீட்டுச் சுவர் எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியும். மான்சா அம்மாள் போன பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபமில்லை, அழவுமில்லை. கேட்டாள்:

“அண்ணே, அபிஜானுக்கு எந்த பஸ்ல போகணும்?”

நன்றாயிரு, மகளே. கடல் உன் பக்கம் இருக்கட்டும். அவள் கேள்விக்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும்.

உன் மாமா
எபோ குவான்சா