அம்மாவின் இரண்டு பதிவுகள்

மார்ச் 3, திங்கள்

காலில் மாவுக்கட்டு போட்டு ஐந்தாவது நாள். ஊருக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்ப்பவன் சொந்த வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தான் என்று கம்பெனி முழுக்கச் சிரிப்பாம். சிரித்துவிட்டுப் போகட்டும். மனைவி காலையில் வேலைக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் வருகிறாள். அம்மா பால்கனியில் தொட்டிச் செடிகளைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் திட்டுவதற்குக்கூட ஒன்றும் இல்லை.

பழைய பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவேடுகளை எல்லாம் அரசாங்கம் இணையத்தில் போட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அப்பா பெயரைத் தட்டினேன். பிறப்புப் பதிவு வந்தது. ‘தந்தையின் தொழில்: தச்சர்.’ தெரிந்த விஷயம்தான். ஆனாலும் யாரோ ஒரு எழுத்தர் மசியில் எழுதி வைத்திருப்பதைப் பார்க்க என்னவோ சந்தோஷம். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது.

மார்ச் 4

நான்கு தலைமுறை பின்னால் போய்விட்டேன். இரண்டு தச்சர், ஒரு மாட்டு வண்டிக்காரர், ஒருவர் தொழில் கட்டத்தில் வெறும் கோடு. மனைவி சொன்னாள்: “அந்தக் கோட்டுக்காரர்தாங்க உங்க சாயல்.”

மார்ச் 6, வியாழன்

அம்மா அப்பா கல்யாணப் பதிவு கிடைத்தது. நாற்பத்தெட்டு வருஷத்துப் பழசு. அப்பாவின் கையெழுத்து அப்போதே கோழி கிளறின மாதிரிதான். சிரித்துக்கொண்டே அடுத்த கட்டத்துக்கு வந்தேன்.

‘மணமகளின் முந்தைய நிலை: விதவை.’

தப்பாக எழுதியிருப்பான் என்று நினைத்தேன். அம்மா பெயரை மட்டும் போட்டுத் தேடினேன். அதற்கு நாலு வருஷம் முன்னால் இன்னொரு பதிவு. அதே பெயர், அதே தாத்தா பெயர். மாப்பிள்ளை மட்டும் வேறே ஆள். பஸ் மெக்கானிக்.

அப்பாவுக்குத் தெரியும், அதே பக்கத்துலதானே கையெழுத்துப் போட்டிருக்கார். தெரியாதவன் நான் ஒருத்தன்தான். நாப்பத்தாறு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன். எதுக்கு இவ்வளவு கோவம் வருது எனக்கு? யார் மேல? செத்துப்போன ஒரு மெக்கானிக் மேலயா?

மார்ச் 7

தங்கச்சிக்கு ஃபோன் போட்டேன். அவளுக்கும் தெரியாது. அப்புறம் சொன்னாள்: “கிளறாதே அண்ணா. அவங்க சொல்லலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்.” வைத்துவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் அவளே கூப்பிட்டு, “அவர் பேரு என்ன?” என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

நான் கேட்கவில்லை. அம்மாதான் கேட்டாள்.

“என்னடா, மூணு நாளா என் மூஞ்சியையே பாக்கிறே? நான் சாகப்போறேன்னு டாக்டர் ஏதாவது சொன்னாரா?”

கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“வயசைத் தப்பாப் போட்டிருக்கான்,” என்றாள் அம்மா. “இருபத்திமூணு இல்ல. எனக்கு அப்போ இருபத்திரண்டு.”

அவ்வளவுதான்! பிறகு அவளாகவே சொன்னாள். ஏழு மாதம் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒரு காய்ச்சல், ஒன்பது நாள், முடிந்துவிட்டது. மாமியார் மகனின் படங்களை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு பெரிய மகனோடு வேறு ஊர் போய்விட்டார். இவள் இரண்டு பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்தாள்.

“அப்பாகிட்ட?”

“பெண் பாக்க வந்த அன்னிக்கே சொன்னேன். அவரைப் பத்திப் பேசணும்னு தோணினா எங்கிட்ட பேசு, மனசுலயே வச்சுக்காதேன்னார். பேசியிருக்கேன். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் பொறந்தீங்க. பேச எங்கடா நேரம்?”

“எங்ககிட்ட ஏம்மா மறைச்சே?”

“மறைக்கலைடா. நீங்க கேக்கவே இல்லையே.”

செடிக்குத் தண்ணீர் ஊற்ற எழுந்தவள் வாசற்படியில் நின்றாள். முதுகு என் பக்கம். “ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்தும். குரல் ஞாபகம் இருக்கு. முகம் மறந்துபோச்சு. கூட வாழ்ந்த ஆளோட முகத்தை யாராவது மறப்பாங்களா?”

மார்ச் 10

கோபம் போன இடம் தெரியவில்லை. இப்போது எனக்கு ஒரு படம் வேண்டும்.

மார்ச் 13

அவருடைய இறப்புப் பதிவில் அவர் வேலை பார்த்த பஸ் பணிமனையின் பெயர் இருக்கிறது. வயது இருபத்தைந்து. என்னிடம் வேலை பழக வருகிறவர்களின் வயது.

அவர் வாலிபால் ஆடுவாராம். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பணிமனை அணி கோப்பை ஜெயித்துப் பத்திரிகையில் படம் வந்ததாம். எந்த மாதம் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்கள் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. ஆனால் பெயரைப் போட்டுத் தேட வழியில்லை, ஒவ்வொரு பக்கமாகப் பார்க்க வேண்டும். நூலகருக்கு ஃபோன் போட்டேன். “எல்லாத்தையும் படிக்காதீங்க சார். விளையாட்டு எப்பவும் ஏழாம் பக்கம்தான்,” என்றார். கும்பிட வேண்டும் போலிருந்தது.

மார்ச் 16

ஜனவரி முதல் ஜூன் வரை ஏழாம் பக்கங்கள். இல்லை.

மார்ச் 18

ஆகஸ்ட். மழையால் ஆட்டம் நின்றதாம்!

மார்ச் 19, புதன்

அக்டோபர் இருபத்திரண்டு. ஆறு பேர், நடுவில் கோப்பை. கீழே ‘இடமிருந்து வலம்’ என்று பெயர்கள். அவர் நான்காவது. ஒல்லி. காது இரண்டும் விரித்து வைத்த மாதிரி. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார்.

நல்ல மனுஷன் மாதிரித்தான் இருக்கிறார். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

மார்ச் 20

காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தைக் காட்டினேன். ஏன் மறைத்தேன்? அவளே கண்டுபிடித்துவிட மாட்டாளா என்ற ஆசைதான். கண்டுபிடிக்காமல் போயிருந்தால்? அது பிறகுதான் உறைத்தது. என்ன முட்டாள்தனம்!

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. விரல் நேராக நான்காவது ஆளிடம் போய் நின்றது.

“இதோ இருக்கார்.”

“மறந்துபோச்சுன்னு சொன்னியே!”

“நானும் அப்படித்தானே நெனச்சிட்டிருந்தேன்.” விரலை எடுக்கவே இல்லை. பிறகு குனிந்து உற்றுப் பார்த்தாள். “ஐயோ, எவ்வளவு சின்னப் பையன்டா! எனக்கு அப்போ பெரிய ஆம்பளையாத் தெரிஞ்சார். மீசையைப் பாரு, இப்பத்தான் முளைச்ச மாதிரி...”

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழுதாள். நான் தோளைப் பிடித்தேன். “விடுடா, நல்லாத்தான் இருக்கேன்,” என்றாள். நன்றாகத்தான் இருந்தாள். மத்தியானம் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

மார்ச் 23

தங்கச்சி வந்தாள். படத்தைப் பார்த்தாள். அம்மாவும் அவளும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். எனக்கு அனுமதி இல்லை.

ஏப்ரல் 10

கட்டைப் பிரித்தாயிற்று. கால், தண்ணீரில் ஊறின கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

இன்று எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே அம்மா சொன்னாள்: “அவருக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது, தெரியுமா? பஸ்ஸை அக்கு அக்கா பிரிச்சுப் போட்டு மாட்டுவார். சைக்கிள்ல ஏத்திவிட்டா அப்படியே சாய்வார். இதை உங்கப்பாகிட்டச் சொன்னப்போ அவர் விழுந்து விழுந்து சிரிச்சார்.”

மனைவிக்குப் புரையேறிவிட்டது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, “அப்புறம்?” என்றேன்.