அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்வி

ஏனுங்க, இன்று விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. களத்தில் காயப்போட்டிருந்த தேங்காய்க் கொப்பரை மேல் தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் பாதி நனைந்துபோயிற்று. இப்போது வெயில் சுள்ளென்று அடிக்கிறது, நனைந்த கொப்பரையின் அந்தப் புளிச்ச வாசம் வீட்டுக்குள் வரை வந்துவிட்டது. இந்த வாசத்துக்கு நீங்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரையாவது திட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். வரவில்லை. அதனால்தான் எல்லா வேலையையும் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். மகளுடைய விசா இன்டர்வியூ விஷயத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வராமல் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆனால் கிணத்துக்கடவில் யாரைக் கேட்டாலும் இது இன்னும் உங்கள் களம்தான். சாக்கில் உங்கள் பெயர், பில்லில் உங்கள் பெயர், வருமான வரியும் உங்கள் பெயரில்தான் கட்டியிருந்தோம். மாற்ற வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான்தான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டேன். உங்கள் போனுக்கு வெளியூர் வியாபாரி யாராவது கூப்பிட்டு "அண்ணன் இல்லீங்களா?" என்று கேட்டால், "வெளிய போயிருக்காருங்க" என்பேன். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் நீங்கள் நிஜமாகவே வெளியே போயிருக்கிற மாதிரி இருக்கும்.

மகளுக்கு அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. நீங்கள் இருக்கும்போதே அவள் விண்ணப்பிக்க ஆரம்பித்ததுதான், உணவுத் தொழில்நுட்பம். கோயம்புத்தூரில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். ஏசி ரூம், டை கட்டிய தம்பி. காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன யோசனை இதுதான்: அப்பா இறந்ததைச் சொல்ல வேண்டாம். புருசன் இல்லாத அம்மா, ஒரே பெண் என்றால், இவள் அங்கேயே சம்பாதிக்க நின்றுவிடுவாள், படிப்பு முடிந்து திரும்ப மாட்டாள் என்று ஆபீசருக்குச் சந்தேகம் வரும். கணக்கெல்லாம் அப்பா பெயரில்தானே இருக்கிறது? அப்பா கொப்பரை வியாபாரம் செய்கிறார், அவர்தான் படிக்க வைக்கிறார் என்றே விண்ணப்பத்தில் போட்டுவிடலாம். இரண்டு நிமிஷக் கேள்வி, யாரும் தோண்ட மாட்டார்கள் என்றார்.

நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

உங்களுக்கு இது பிடித்திருக்காது என்று அப்போதே தெரியும். பாலக்காட்டு வியாபாரி லாரியோடு வந்து நின்றாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் பாட்டுக்கு குவியலின் மேலே இருந்ததை மட்டும் பார்த்துவிட்டு எடை போடச் சொல்லிவிட்டார். நீங்களாகப் போய், "அடியில கெடக்கறதெல்லாம் நனஞ்சு காஞ்சதுங்க, பாத்து எடுத்துக்கங்க" என்றீர்கள். அவர் பாதியை ஒதுக்கிவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கேட்காததை எல்லாம் எதற்குச் சொல்கிறீர்கள் என்று கத்தினேன். "கொண்டுபோயிப் பிரிச்சா வாசம் வருமில்ல அம்மணி" என்று சிரித்துவிட்டு டீ கேட்டீர்கள். இப்படி ஒரு மனுசனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

இன்டர்வியூவுக்குப் பயிற்சி வேண்டுமே. தினமும் சாயங்காலம் களம் ஓய்ந்ததும் நான்தான் ஆபீசர். குடோன் ஜன்னலுக்கு உள்ளே மூட்டை மேல் நான், வெளியே அவள். கேள்விகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தாள். என் இங்கிலீஷைக் கேட்டு முதல் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தக் காலேஜ், முடித்துவிட்டு என்ன செய்வாய் என்று வரிசையாகக் கேட்பேன். பிறகு, "வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?"

அவள் தடுமாறாமல் சொல்வாள். என் அப்பா கொப்பரை வியாபாரி, கிணத்துக்கடவில் களம் வைத்திருக்கிறார், அவரிடம் இத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று அந்தப் பாஷையில் மளமளவென்று வரும். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரியாது. ஆனாலும் நீங்கள் இருக்கிறீர்கள் என்று சொல்கிறாள், அது புரியும். அந்தக் கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தேன். சரியாகச் சொல்லவில்லை, இன்னொரு தடவை சொல்லு என்பேன். அவள் சரியாகத்தான் சொல்லியிருப்பாள்.

இன்டர்வியூவுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு சாயங்காலம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன கண்ணு, மறந்துபோச்சா என்றேன்.

"அங்க போயி இதச் சொல்லிப்போட்டா, அப்புறம் அப்பா இருக்கறாருன்னேதான் எல்லாருகிட்டயும் சொல்லிட்டிருக்கோணும். ஒரு நா அப்பா நெனப்பு வந்து அழுதாக்கூட, எதுக்கு அழுகறேன்னு யாருகிட்டயும் சொல்ல முடியாதுங்கம்மா."

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படியானால் போகாமலே இருந்துகொள், இங்கேயே கொப்பரை பொறுக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். பெற்ற வாயால் அப்படிச் சொன்னேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. அடுப்படியில் நின்று யோசித்துப் பார்த்தேன். நீங்கள் போன பிறகு அவள் என் முன்னால் அழுததே இல்லை. அழ விட்டால்தானே? அவர் வெளியே போயிருக்கிறார் என்று போனில் கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளை எங்கே போய் அழும்?

மறுநாள் காலையில் நானே கன்சல்டன்சிக்குப் போன் போட்டேன். விண்ணப்பத்தை மாற்ற வேண்டும், அப்பா இறந்துவிட்டார் என்று எழுத வேண்டும், படிக்க வைப்பது நான் என்று போட வேண்டும் என்றேன். கடைசி நேரத்தில் மாற்றினால்தான் சந்தேகமே வரும், பெண்ணின் எதிர்காலத்தோடு விளையாடாதீர்கள் என்று தம்பி பயமுறுத்தினார். ஒரு தடவை இல்லை என்று சொல்லிவிட்டால் அடுத்த தடவை இன்னும் கஷ்டம், அதற்குள் காலேஜும் திறந்துவிடும் என்றார்.

"பரவால்லீங்க தம்பி. இருக்கறத எழுதுங்க" என்றேன்.

"ரிஜெக்ட் ஆச்சுன்னா எங்களக் கேக்காதீங்க" என்று வைத்துவிட்டார்.

அப்புறம் அலைச்சல். கணக்கையெல்லாம் என் பெயருக்கு மாற்ற, வாரிசுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பேங்குக்கும் ஆடிட்டர் ஆபீசுக்கும் நடையாய் நடந்தேன். போகிற இடமெல்லாம் உங்கள் இறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். பேங்கில் ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, இத்தனை நாள் ஏங்க வரவில்லை என்று கேட்டார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன்.

இன்டர்வியூ அன்றைக்குச் சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குள் அவளை மட்டும்தான் விட்டார்கள். போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எதிர்ப்பக்கம் மர நிழலில் என்னைப் போலவே பெற்றவர்கள் கூட்டம், பாதிப் பேர் வாய்க்குள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு. ஒரு பையன் வெளியே வந்து அவன் அப்பாவைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினான். அந்த மனிதர் பையனுடைய ஃபைலை வாங்கிக்கொண்டு நடந்தார். பொய்யைச் சொல்லியிருந்தால் கிடைத்திருக்குமோ? உங்கள் மேலும் கோபம் வந்தது. நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள், நான் ஒருத்தி இந்த வெயிலில் நின்று இதற்கெல்லாம் பயப்பட வேண்டியிருக்கிறதே என்று.

அவள் வந்தாள். கையில் ஃபைல் இருந்தது, பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்களா கண்ணு என்றேன். விசா ஒட்டித் தருவதற்காக வாங்கி வைத்துக்கொள்வார்களாம். கிடைத்துவிட்டது என்று அர்த்தமாம். அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு விறைப்பாகவே இருந்தது.

"அப்பாவப் பத்திக் கேக்கவே இல்லீங்கம்மா" என்றாள். "எல்லாத்தயும் சொல்லோணும்னு நெனச்சுட்டுப் போனனுங்க. படிப்பப் பத்தி ரெண்டு கேள்வி கேட்டாங்க, அவ்வளவுதான்."

இத்தனை பயம், இத்தனை அலைச்சல், கடைசியில் கேட்கவே இல்லையாம். சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் உதடு துடித்தது. என்கிட்டச் சொல்லு கண்ணு, என்ன சொல்வதாக இருந்தாய் என்றேன். அந்த நடைபாதையில், ஆட்டோக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தமிழிலேயே சொன்னாள்.

"எங்கப்பா செத்துப் போயிட்டாருங்க. எங்கம்மா இருக்கறாங்க. அவங்கதான் என்னப் படிக்க வெக்கறாங்க."

சொல்லிவிட்டு என் தோளில் விழுந்து ஓவென்று அழுதாள். நீங்கள் போன அன்று அழ வேண்டியதை எல்லாம் அங்கே வைத்து அழுதாள். அவள் முதலில் சொன்னதற்கு நானும் அழுதேன். ஆனால் ஊர் வந்து சேர்ந்து, அவளை விமானம் ஏற்றிவிட்டு, தனியாக இந்தக் களத்தில் நிற்கும் இந்த நாள் வரைக்கும் என்னோடு இருப்பது இரண்டாவதாகச் சொன்னாளே, எங்கம்மா இருக்கறாங்க என்று, அதுதான். நீங்கள் இருக்கிறீர்கள் என்று சொல்லிச் சொல்லி, நான் ஒருத்தி இருப்பதை நானே மறந்துவிட்டிருந்தேன். நான் இருக்கிறேனுங்க.