சிரித்தவர்கள் சொல்லும் சாட்சி

எங்கள் ஊரையே வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த சுப்பையா அண்ணனுக்கு, பூக்கார மாரிக்கண்ணு எழுதுவது.

அண்ணே, என் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், சந்தைக்குத் திரும்புகிற முக்கில் கூடை வைத்துப் பூ விற்கிறவள் நான். உங்கள் நாடகக் கம்பெனி இங்கே கொட்டகை போட்டதிலிருந்து தரை டிக்கெட்டில் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். ராஜபார்ட் பாட்டெடுத்தால் எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள். பபூன் அண்ணன் பின்னால் என்ன சேட்டை செய்கிறார் என்று நான் உங்களையே பார்ப்பேன்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போனதே கிடையாது. நீங்கள் மாட்டு வண்டியிலிருந்து வீசுகிற நாடக நோட்டீசை எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிக்கவும் எழுதவும் பழகினேன். அப்படிப் பழகிய படிப்பை வைத்து நான் இப்போது எதைப் படிக்க வேண்டி வந்தது தெரியுமா? சந்தைச் சுவரில் தாலுகா ஆபீசார் ஒட்டியிருக்கிற உத்தரவை! வீதியில் கூத்துக் காட்டிய பபூன் தன்னுடைய அஜாக்கிரதையால் மோட்டாரில் அடிபட்டு இறந்துபோனதால், இனிமேல் நோட்டீஸ் வண்டி, மேளம், கூடைக்காரர்கள் யாரும் முக்கில் நிற்கக் கூடாதாம். மோட்டாரைப் பற்றி ஒரு வரி? கிடையாது. நாலு தடவை படித்துப் பார்த்துவிட்டேன், கிடையவே கிடையாது!

உங்கள் அஜாக்கிரதையா அண்ணே? அன்றைக்கு நீங்கள் கூத்தே காட்டவில்லையே. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சாக்கடைக் கல்லை ஒட்டி நின்று, என் கையில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். "தங்கச்சி, இன்னிக்கு நான் பொம்பள வேசம். பூ கொஞ்சம் தாராளமா வையி, மூஞ்சி தெரியக் கூடாது" என்றீர்கள். "ஒங்க மூஞ்சிய மறைக்க எங் கூடைப் பூவெல்லாம் பத்தாதுண்ணே" என்றேன். நீங்கள் சிரித்து முடிக்கவில்லை.

சந்தையில் நிற்கிற ஆட்களை யார் முதலில் ஏற்றுவது என்று இரண்டு பஸ்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. நம் வீதிகள் கயிறு பிடித்த மாதிரி நேராக இருப்பது அவர்களுக்கு ரொம்ப வசதி. பின்னால் வந்த பஸ் முன்னால் போனதை முந்தப் பார்த்தது. நடுவில் இடம் இல்லாததால் எங்கள் பக்கமே ஒடித்துக்கொண்டு வந்தது. ஹாரன் சத்தம் கேட்டு நான் நிமிர்ந்தபோது நீங்கள் அந்தரத்தில் இருந்தீர்கள்.

அண்ணே, நாங்கள் சிரித்தோம்.

தினமும் வண்டிக்கு முன்னால் வழுக்கி விழுந்து, குட்டிக்கரணம் போட்டு எழுந்திருப்பீர்கள் அல்லவா? அதே மாதிரிதான் இருந்தது. கைகூடத் தட்டினோம். நீங்கள் எழுந்து பல்லைக் காட்டுவீர்கள் என்று காத்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் நின்றோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஓடி வந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா?

உங்கள் கம்பெனி கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டது. உங்களுக்காகப் பேச இந்த ஊரில் உங்கள் ஆள் யாரும் இல்லை. அதனால் நானே ஒரு மனு எழுதிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். சந்தைமுக்கில் எந்த பஸ்ஸும் முந்தக் கூடாது, கிளீனர் இறங்கி முன்னால் நடக்க வேண்டும், பஸ் அவன் பின்னால் நடை வேகத்தில் வர வேண்டும் என்று எழுதியிருந்தேன். குமாஸ்தா படித்துவிட்டுச் சிரித்தார்.

"மோட்டாருன்னா வேகமாத்தாம்மா போகும். நீங்கதான் ஒதுங்கணும்."

"எங்கிட்டு ஒதுங்குறதுங்க? இங்கிட்டு சாக்கடை, அங்கிட்டு சொவரு. அவரு ஒதுங்கித்தான் நின்னாரு. தேடி வந்துல்ல அடிச்சுச்சு!"

"அடிச்சதப் பாத்தியாக்கும்? அம்புட்டுப் பேரு பாத்தீங்க, ஒருத்தராச்சும் ஓடிப் போயித் தூக்குனீங்களா? டிரைவரு அதத்தான் சொல்றாரு. அவன் எப்பவும் விழுறவன், தானா வந்து விழுந்தான், அதான் யாரும் அசையலன்னு."

நாங்கள் நின்ற நிலையே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. சந்தையில் இருந்த அத்தனை பேரும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ் வந்த பக்கத்தைச் சொன்னால், ஏன் ஓடவில்லை என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டுமே!

"சிரிச்சுக்கிட்டு இருந்தோமுங்க, அதான் ஓடல" என்றேன். குமாஸ்தாவின் பேனா நின்றுவிட்டது. "இத எழுதவா?" என்று மெதுவாகக் கேட்டார். "எழுதுங்க. எம் பேரையும் போட்டு எழுதுங்க."

ஒரு சாட்சி போதாது என்றார்கள். பக்கத்தில் புளி விற்கிற ராக்காயி அக்காவிடம் வந்து கேட்டேன்.

"போடி, பொழப்பத்தவளே! ஒருத்தன் சாகையில பல்லக் காட்டுனேன்னு எவளாச்சும் சபையில சொல்லுவாளா?"

"அப்ப அவரு தானா விழுந்தாருன்னே அவங்க எழுதிக்கட்டுமா? நாளைக்கு ஒங்க கூடைய அள்ளிப் போடட்டுமா? ஒங்க மகளும் இந்த முக்கத் தாண்டித்தான தெனமும் தண்ணிக்கிப் போவுது?"

அக்கா தராசைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திட்டித் தீர்த்தாள். வாயாடி என்றாள், கூத்துப் பைத்தியம் என்றாள். பிறகு முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு, "நான் கையும் தட்டுனேன்டி. அதையும் சேத்து எழுதிக்க" என்று கட்டை விரலை நீட்டினாள். அவளைப் பார்த்து முறுக்குக்காரர் வந்தார். உங்கள் நோட்டீஸ் வண்டியை ஓட்டிய கருப்பையா மாமாவும் வந்தார். "நான் மாட்டைப் பாத்து, பாருடா ஒங்க அண்ணன் பறக்குறான்னேன்" என்று சொல்லிவிட்டு, அந்த மனுசன் வீதியிலேயே உட்கார்ந்து அழுதார்.

இந்தக் கடிதத்தை உள்ளூர்ப் பத்திரிகையில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். படிக்கிற பெரிய மனிதர்களே, கைவண்டியும் கூடையும் பிள்ளைகளும் நடக்கிற வீதி இது. எங்களைத் துரத்திவிட்டு யாருக்காக அதைக் காலியாக வைக்கப் போகிறீர்கள்?

அண்ணே, எங்கள் நாலு பேர் சாட்சியையும் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை மறுவிசாரணை என்று சொல்லிவிட்டார்கள். பஸ்காரர்கள் வக்கீல் வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதன் சாவதைப் பார்த்துச் சிரித்த பொம்பளை என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கேவலப்படுத்துவார்கள் என்று சந்தையில் எச்சரிக்கிறார்கள். கேட்கட்டும். "ஆமாங்க, சிரிச்சேன்" என்றுதான் நான் ஆரம்பிக்கப் போகிறேன். அதற்கு அடுத்த வார்த்தையே பஸ் எந்தப் பக்கம் வந்தது என்பதாகத்தான் இருக்கும். அதை அவர்கள் எழுதிக்கொள்ளும்வரை சாட்சிக் கூண்டை விட்டு இறங்க மாட்டேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
மாரிக்கண்ணு