போனில் இருந்த மகன்

என் மகனுக்கு,

கண் தெரியாமல் உன்னை அடித்துவிட்டேன் என்று உன் மாமியார் சொல்லித் திரிகிறாராம். அது தவறு. எதிரே நின்ற உன் முகத்தை நன்றாகப் பார்த்துத்தான் சூடான இஸ்திரிப் பெட்டியை ஓங்கினேன்.

அதே முகம் போனிலும் இருந்தது. இரண்டு மாதமாகத் தினமும் வீடியோவில் வந்து, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்ட முகம். நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாக இருக்கும். "என்னை மாதிரியே ஒருத்தன் வீட்டுப் பத்திரத்துக்கு வருவான், உள்ளே விடாதீங்க" என்று எச்சரித்ததும் அதுதான்.

நீயோ கதவை உதைத்து உள்ளே வந்து, "உனக்கு மூளை இருக்கா? போனைக் கீழே போடும்மா!" என்று கத்தினாய். "விடாதீங்கம்மா, அடிங்க" என்றான் போனில் இருந்தவன். இருவரில் யார் என் மகன் என்று நான் யோசிக்கவே இல்லை. நீ விழுந்த பிறகும் அடித்தேன். உன் தாடை உடைந்தது கேட்டது. கன்னத்துத் தோல் பெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்போது போனிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அது உன் சிரிப்பு இல்லை.

தாடைக்குக் கம்பி கட்டியிருப்பதால் உன்னால் பேச முடியாதாம். கம்ப்யூட்டரில் யார் முகத்தையும் குரலையும் செய்துவிடலாமாம்; நீ பேசினாலும் இனி எந்தக் குரலையும் நான் நம்பப் போவதில்லை. திட்டுவதானாலும் சரி, காகிதத்தில் உன் கையால் எழுதிப் பதில் அனுப்பு.

அம்மா