அம்மா கேட்ட விழா

அன்பு வாலு,

இதைப் பிரிக்கும்போது நீ உடம்பும் மனசும் ஒழுங்காக, வயிறும் காலியாக இல்லாமல் இருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். “இருவரும்” என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது, ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே, ஆனால் பாதியில் பதறி போனை எடுக்காதே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அம்மா தேறிவிட்டாள், இப்போது கூடத்தில் உட்கார்ந்து வானொலியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள், விலைவாசியைப் பற்றி யாரோ தப்பும் தவறுமாகப் பேசுகிறாராம்.

விழாவுக்கு மறுநாள் நீ அனுப்பிய செய்தியைக் கடையில் நின்றபடி படித்தேன். அம்மாவுக்குப் பதிலாக நீ மேடையேறினது அவளுக்குப் பிடிக்கவில்லையா, போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லையே என்று கேட்டிருந்தாய். எதிரே ஒருவர் கண் பரிசோதனைக்குச் சோதனைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்த வரியைப் படிக்கணும் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார், எனக்குக் காதில் விழவில்லை. அன்றைக்கே பதில் போட்டிருக்கலாம், ஆனால் விரல் நுனியில் தட்டிச் சொல்கிற விஷயமில்லை இது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்காத குறை. நானும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நீ அங்கே தனியாக உட்கார்ந்து அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்று முதலில். பெரிய பொருளியல் அறிஞர்களாகப் பார்த்து மதிப்புறு உறுப்பினராக்கிக் கௌரவிக்கிற இந்த மாதிரி அழைப்பு அம்மாவுக்குப் புதிதில்லை. இதற்கு முன்னாலேயே வேறு இரண்டு சங்கங்கள் கேட்டு, இரண்டையும் மரியாதையாக வேண்டாமென்று எழுதிவிட்டாள். “வேலை செய்யறப்ப ஒரு நாற்காலி குடுக்கல, ஓய்வுல உக்காந்ததுக்கப்புறம் சட்டம் போட்ட பட்டயம் குடுக்கறாங்க” என்று சிரித்தாள், அவ்வளவுதான். இந்தத் தடவை கடிதம் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். மூன்றாவது வரிக்கு மேல் அவள் படிக்கவேயில்லை, விழா எந்த ஊரில் என்று பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றினாள், “போலாம்னு எழுதிடுங்க” என்றாள். உன் ஊர். பொருளியலுக்காக இல்லை வாலு, உனக்காக. அந்த வாரமே நடக்கத் தோதான செருப்பு வாங்கிவிட்டாள், எங்கள் இருவர் பெட்டியையும் கட்டி வைத்துவிட்டாள், உன் வீட்டுக்குக் கீழே துணி துவைக்கிற அறை இருக்கிறது என்று நீ ஒருதடவை சொன்னாயாமே, அதற்குப் படியிறங்கணுமா லிஃப்டா என்று என்னைக் கேட்கிறாள், எனக்கென்ன தெரியும். ஒருநாள் துணி மடிக்கும்போது தானாகச் சொன்னாள், “அவ காலையில எந்தப் பக்கம் திரும்பி வேலைக்குப் போறான்னு எனக்குத் தெரியாதுங்க. ஒருதடவ கண்ணால பாத்துட்டு வந்துட்டேன்னா, அப்புறம் நினைச்சுக்க ஒரு இடமாவது இருக்கும்.” ஊர் விட்டு ஊர் போய் வேலை பார்ப்பவர்களைப் பற்றியே வாழ்நாள் முழுக்க எழுதியவள், எத்தனை வீட்டு வாசலில் நின்று பிள்ளை தூரத்தில் இருப்பது எப்படி இருக்கிறது என்று எத்தனை தாய்மாரிடம் கேட்டிருப்பாள், அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது கண் விஷயம். “சின்னத் தொந்தரவு, டாக்டர் பயணம் வேண்டாம்னுட்டார்” என்றுதான் உன்னிடம் சொன்னோம், அது சின்னது இல்லை. கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் காபியை ஊற்றினாள், கோப்பைக்கு இடது பக்கம் மேஜையில் ஊற்றினாள். நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா, ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் விரலைப் பார் என்றேன், விடுங்க விடுங்க என்று கையைத் தட்டிவிட்டாள். பிறகுதான் வாயைத் திறந்தாள். கறுப்புப் பொட்டுப் பொட்டாகப் பறந்ததாம், அப்புறம் ஓரத்திலிருந்து திரை மாதிரி ஒன்று இறங்கி வந்ததாம், அதைச் சொன்னால் நான் பயணத்தை நிறுத்திவிடுவேன் என்று சொல்லாமலே சமாளித்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, ஆனால் ஆட்டோவில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சுவரில் ஒட்டிய காகிதம் உரிந்து தொங்குமே, அந்த மாதிரி கண்ணுக்குள்ளே விழித்திரை பிரிந்திருந்தது. அன்றைக்கே அறுவை செய்யணும் என்றார் கண் டாக்டர், திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்க உள்ளே வாயுவை நிரப்புவார்களாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அம்மா கேட்டது ஒரே கேள்வி, விமானத்தில் போகலாமா. மேலே போனால் அந்த வாயு விரியும், கண்ணே போய்விடும் என்றார் அவர். “இன்னொரு கண்ணு இருக்குல்ல டாக்டர்” என்றாள். அவர் சிரித்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பதிலாக அந்தப் பட்டயத்தை உன்னை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்டது. படிப்பைப் பாதியில் விட்டவள், நாடக அரங்கில் விளக்குப் போடுகிறவள், அத்தனை பொருளியல் அறிஞர்கள் நடுவே எப்படிப் போய் நிற்பேன் என்று நீ தயங்கினாய். “போ, கையில வாங்கிட்டு இறங்கி வந்துடு” என்று அம்மா வெடுக்கென்று சொன்னது உனக்கு வலித்திருக்கும். அப்போது அவள் குப்புறப் படுத்திருந்தாள் வாலு. அறுவைக்குப் பிறகு முகத்தைக் கீழே கவிழ்த்தே இருக்கணும், சாப்பிடுவது பேசுவது தூங்குவது எல்லாம் அப்படியே, அந்த நிலையில் நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்கும், குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் சட்டென்று முடித்துக்கொண்டாள்.

விழா அன்று உங்களுக்கு மாலை, எங்களுக்குக் காலை. மாடி வீட்டு நர்ஸம்மா வந்து மருந்துச் சொட்டு விட்டுவிட்டு, கணினியில் நேரலையையும் போட்டுக் கொடுத்தார். அம்மா மேஜைமேல் தலையணை வைத்து நெற்றியைச் சாய்த்துத் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் அசைந்தால் கட்டுப்போட்ட கண்ணும் சேர்ந்து அசையும், எந்தத் திரையையும் பார்க்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதைப் போனில் போட்டுத் தரையில் வையுங்க, ஒரே ஒரு நிமிஷம் என்று கெஞ்சினாள். நான் வைக்கவில்லை. அவள் என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை, அதனால் அது எனக்கு எளிதாக இல்லை. ஆகவே நீ வாங்கிய கௌரவத்தை உன் அம்மா பார்க்கவில்லை, கேட்டாள். பார்த்தது நான், வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சங்கத் தலைவர் அவளுடைய ஆய்வுகளைப் பற்றி நீட்டி முழக்கியபோது, “சுருக்கமா முடிங்கய்யா” என்று தலையணைக்குள்ளிருந்து முணுமுணுத்தாள். உன்னை மேடைக்கு அழைத்தார்கள். என்ன போட்டிருக்கா என்றாள். நீலம், கழுத்து மூடின சட்டை என்றேன். முடி? வெட்டியிருக்கிறாள், காது தெரிகிறது என்றேன். மெலிஞ்சிருக்காளா? இல்லை என்றேன், அது பொய், நீ மெலிந்துதான் இருக்கிறாய், அதைப் பிறகு சொல்கிறேன். சட்டென்று அண்ணாந்து மேலே பார்க்கிறாள், ஏதோ விளக்குச் சரியில்லை போலிருக்கிறது என்றேன், அவ்வளவுதான், தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், அசையாதே அசையாதே என்று நான் கத்த, நர்ஸம்மா ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அம்மா எழுதிக் கொடுத்த நன்றியுரையை நீ ஒரு எழுத்துத் தடுமாறாமல் படித்தாய். அது முடிந்ததும் தாளை மடித்தாய். தாளில் இல்லாததை நீ பேசப்போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, தாளை மடிச்சுட்டா என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். “எங்கம்மா எழுதின பாடம் எனக்குப் புரியல, அதனால விட்டுட்டேன். ஆனா தூரமா வேலைக்குப் போனவங்களப் பத்தித்தான் அவங்க எழுதினாங்க. அதுல நானும் ஒருத்தி” என்றாய். கை தட்டல் நிற்கவேயில்லை. நான் உன் அம்மாவைப் பார்த்தேன். முகம் கவிழ்ந்திருப்பவளின் கண்ணீர் கன்னத்தில் வழியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நேரே தரையில் சொட்டியது. துடைக்கப் போனேன், கண்ணைத் தொடக் கூடாதே, கையை இழுத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

பிறகுதான் நீ கூப்பிட்டாய். “நல்லா இருந்துச்சு. சாப்ட்டு படு” என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டிவிட்டாள். இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பாள், அழுதால் நீ கிளம்பி வந்துவிடுவாய், அங்கே உன் வேலை கெடும், இதுதான் அவள் போட்ட கணக்கு. இப்போது புரிந்ததா.

இப்போது நிமிர்ந்து உட்காரலாம். உள்ளே இருக்கிற வாயு கரைந்துகொண்டே வருகிறது, பார்வையில் தண்ணீர்மட்டம் மாதிரி ஒரு கோடு ஆடுகிறதாம், நாளுக்கு நாள் அது இறங்குகிறது என்று காலையில் எழுந்ததும் எனக்கு அறிக்கை வாசிக்கிறாள். அது முழுக்கப் போனதும் விமானம் ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் பெட்டியை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. போகிறபோதும் வருகிறபோதும் காலில் இடிக்கிறது, இடிக்கட்டும்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, ஏணியில் ஏறி விளக்கு மாட்டும்போது கீழே யாரையாவது பிடிக்கச் சொல். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கூடத்திலிருந்து யாருக்கு எழுதறீங்க என்று குரல் வந்தது. வரி அலுவலகத்துக்கு என்றேன். “வரி ஆபீசுக்கு எழுதறவரு எதுக்கு மூக்க உறிஞ்சறீங்க? எழுதுங்க எழுதுங்க. குளிர்ல காத மூடிக்கச் சொல்லுங்க, முடிய வேற வெட்டிட்டா” என்றாள். ஆக, எனக்குச் சத்தியம் மீறிய பாவமும் இல்லை.

நீ எந்தக் குறையுமில்லாமல் நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசி என்றும் உண்டு. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. அந்தப் பட்டயத்தைக் கட்டித் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாயே, அனுப்பாதே. அம்மாவிடம் கேட்டேன், தபாலில் மடங்கிவிடும் என்றாள். மரச்சட்டம் போட்டது எப்படி மடங்கும் என்றேன். “மடங்கும்னா மடங்கும். நானே போயி எடுத்துட்டு வரேன்” என்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா