வேலியில் சிவப்புச் சேலை

ஆகஸ்ட் 3

கக்கட மாதம் பதினெட்டு. இன்று குடகில் வீட்டுக்கு வீடு மருந்துத் தழைப் பாயசம், நானும் காய்ச்சினேன். மாமாவுக்கு எண்பத்தெட்டு வயது, மூன்று கிண்ணம் குடித்தார். நாளைக் காலை எல்லோருக்கும் சிறுநீர் சிவப்பாகப் போகும். யாருக்கு அதிகம் என்று சாப்பிடும்போதே வாதம் நடக்கும். காவேரம்மா தாயே, இந்த வீட்டு ஆண்களுக்குக் கொஞ்சம் கூச்சம் கொடு.

மழை: நான்கு அங்குலம்.

ஆகஸ்ட் 6

கொழுந்தன் பெள்ளியப்பா பெங்களூரிலிருந்து வந்தார். கை கழுவும் முன்னமே ஆரம்பித்துவிட்டார்.

"அப்பா, துப்பாக்கிக்கு விலக்குச் சான்று இந்த வருஷம் புதுப்பிக்கணும். வேண்டாம். ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடலாம். ஊர்ல மத்தவன் எல்லாம் லைசென்ஸுக்கு அலையறான், கொடவனாப் பொறந்தவனுக்கு மட்டும் வேண்டாம்னா கோர்ட்டுக்குப் போகாம என்ன பண்ணுவான்?"

"போகட்டும். நமக்கும் வக்கீல் இருக்கான்" என்றார் மாமா.

"சரி, இந்த வீட்ல யாரு சுடறா? உங்களுக்குக் கை நடுங்குது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன். எதிர்ல நிக்கறது பன்னியா பக்கத்து வீட்டு பாவாவான்னே தெரியாது."

என் வீட்டுக்காரர் உத்தய்யா, "பன்னின்னா ஓடும், பாவான்னா காப்பி கேப்பார்" என்றார்.

மாமா சிரிக்கவில்லை. "நான் செத்தா ஊருக்குச் சொல்ல ரெண்டு வெடி யாரு போடுவா?"

"பக்கத்து வீட்ல கேட்டா அவங்க துப்பாக்கியால..."

"என் சாவுக்கு இரவல் வெடியா?"

ரொட்டி கல்லில் கருகியது. நான் திருப்பவில்லை.

கடைசியில் மாமா சொன்ன தீர்ப்பு: கைல்போது என்னும் ஆயுத பூஜை அன்று ஊர் மைதானத்தில் இந்த வீட்டு ஆள் யாராவது தேங்காயைச் சுட்டு வீழ்த்தினால் துப்பாக்கி இருக்கும். இல்லையென்றால் மறுநாள் அவரே கொண்டுபோய் ஒப்படைப்பார்.

"யாரு சுடுவா? அண்ணியா?" என்று கொழுந்தன் சிரித்தார்.

ஏன், அண்ணிக்குக் கை இல்லையா?

ஆகஸ்ட் 7

கிளம்பும்போது பெள்ளியப்பா சமையலறைக்கு வந்தார். "கேஸ் எல்லாம் எனக்குப் பெரிசில்ல அண்ணி. என் சிநேகிதன் ஒருத்தன்... வீட்ல துப்பாக்கி இருந்தா, மனசு சரியில்லாத ஒரே ஒரு நாள் போதும்."

சாயந்திரம் பூஜை மூலைத் துப்பாக்கி அலமாரியின் சாவியை எடுத்து விளக்கு எண்ணெய் ஜாடிக்குப் பின்னால் வைத்தேன்.

ஆனாலும் பூஜை மூலையில் அந்த இடம் காலியாக இருப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. வருடா வருடம் சந்தனம் வைத்து, காந்தள் பூ சூட்டி, பன்றிக் கறியும் கடம்புட்டு அரிசி உருண்டையும் படைத்த இடம்.

ஆகஸ்ட் 11

கக்கடத்தில் ஆயுதம் தொடக்கூடாது. தொடவில்லை. ஆனால் கைபேசியில் பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. ஏதோ தேசத்துக் குண்டு மனிதர் ஒருவர் சுடக் கற்றுத்தருகிறார். பாஷை புரியவில்லை, வயிறு புரிகிறது: மூச்சு உள்ளே, பாதி வெளியே, அங்கே நிறுத்தி விரலை அழுத்த வேண்டும். துடைப்பத்தை வைத்துப் பழகினேன். "காவேரம்மா" என்று மூன்று முறை மனதுக்குள் சொன்னால் சரியான நேரம் வருகிறது.

நாலாம் வகுப்போடு நின்றவள் நான். பேப்பர் படிக்கக் கற்றதும் இப்படித்தான், யாரையும் கேட்காமல்.

ஆகஸ்ட் 17

கக்கடம் முடிந்தது. குளித்து, விளக்கேற்றி, துப்பாக்கியைக் கும்பிட்டு எடுத்தேன். மாமாவுக்குத் தெரியும், தூங்குவதுபோல் கிடந்தார். காப்பித் தோட்டத்துக்குப் பின்னால் மண்மேட்டில் சுரைக்காயை வைத்துச் சுட்டேன். சுரைக்காய் அப்படியே இருக்கிறது. என் தோள்தான் போயிற்று.

பத்து நிமிடத்தில் எதிர்ச்சரிவு மாச்சம்மா போன் செய்தாள். "அக்கா, ஒரு வெடி கேட்டுச்சே. யார் வீட்ல ஆம்பளப் பிள்ளை?"

"என் வீட்லதான். என் பொண்ணு தேச்சு பொறந்திருக்கா."

"அவளுக்கு இருபத்தொண்ணு ஆச்சே!"

"பொண்ணுன்னு அப்ப வெடி போடல. இப்ப போட்டேன்."

"அப்ப என் ரெண்டு பொண்ணுக்கும் சேத்துப் போடு" என்றாள்.

தோட்டா: ஐம்பதில் ஒன்று. மீதி 49.

ஆகஸ்ட் 21

இடைவெளி விட்டு விட்டு ஐந்து. சுரைக்காய்க்குக் காம்பு மட்டும் போயிற்று. உத்தய்யா தூரத்தில் நின்று பார்த்தார். "ஆகாசத்தைக் குறி வை போஜி. அதுதான் தப்பாது." ராத்திரி அவருக்குக் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன். நிஜமாகவே மறந்தேன்.

மீதி 44.

ஆகஸ்ட் 24

எப்படி எழுதுவது? எழுதத்தான் வேண்டும்.

காலை மழை விட்டிருந்தது. முதல் வெடி ஒரு விரல் அளவில் தவறியது. அடடா என்று ஆத்திரம், யோசிக்காமல் உடனே இரண்டாவது. பட்டது! சுரைக்காய் தூள்! குதித்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. அடுத்தடுத்து இரண்டு வெடி. ஐயோ!

ஓடி வந்து மாச்சம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அவள் சாவுக்குப் போக வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டிருந்தாளாம். அரை மணியில் முற்றம் முழுக்க வெள்ளை. மாமா காப்பி டம்ளரோடு வெளியே வந்தார்.

"யாரு போனது?" என்று மாமா கேட்டார்.

"நீங்கதான், மாமா" என்றாள் மாச்சம்மா.

மாமா உட்கார்ந்து சிரித்தார், இருமும் வரை. பிறகு என்னைக் கூப்பிட்டு, "போஜம்மா, நோட்டு எடு. என் சாவுக்கு யார் யார் வந்தாங்கன்னு எழுதிக்கோ. யாரு அழுதாங்கன்னு தனியா" என்றார். எழுதினேன். வந்தவர்கள் பதினேழு. அழுதது மூன்று. மாச்சம்மா புருஷன் கணக்கில் வரவில்லை, அவருக்கு ஜலதோஷம்.

மூன்று மணிக்குப் பெள்ளியப்பாவின் கார். யாரோ அவருக்கும் சொல்லிவிட்டார்கள், வழியில் யார் போனையும் அவர் எடுக்கவில்லை. வாசலிலேயே "அப்பா!" என்று கதறிக்கொண்டு வந்தார். மாமா எதிரே உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார்.

"நல்லா அழறடா. நீ அழமாட்டேன்னு நெனச்சிருந்தேன்."

சுட்டது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். பெள்ளியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினார்: "இதுக்குத்தான் சொல்றேன், அண்ணி! இதுக்குத்தான்!" கத்தட்டும். ஆறு மணி நேரம் அழுதுகொண்டே வண்டி ஓட்டி வந்திருக்கிறார்.

போகும்போது மாச்சம்மா ஒரு ஏற்பாடு சொன்னாள்: பழகுகிற நாளில் வேலியில் சிவப்புச் சேலை போட வேண்டும். சேலை இருந்தால் வேடிக்கை, இல்லையென்றால் விசேஷம்.

மீதி 42. அழுதவர்கள் இப்போது நான்கு.

ஆகஸ்ட் 30

சிவப்புச் சேலை வேலியிலேயே வெளுக்கிறது. மீதி 33. எட்டுக்கு ஐந்து பட்டது. ஒன்பதாவதைப் பற்றிப் பேசவேண்டாம். வாழைக்குலை நமதுதான்.

செப்டம்பர் 3

கைல்போது. துப்பாக்கிக்குச் சந்தனம், காந்தள். எல்லோருக்கும் கறி. மைதானத்தில் மரத்து உச்சியில் தேங்காய். கீழே இருந்து பார்த்தால் நெல்லிக்காய் அளவு. ஆளுக்கு மூன்று வெடி.

என் மூன்றும் போயிற்று. காவேரம்மாவை மூன்று முறை சொல்வதற்குப் பதில் முப்பது முறை சொல்லிவிட்டேன், மூச்சு முட்டிவிட்டது. உத்தய்யா வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

மாமா எழுந்து வேட்டியைச் சரி செய்தார். "நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்குக் கிளம்பணும்" என்று மட்டும் சொன்னார்.

அப்போது பங்காளிப் பையன்கள் பெள்ளியப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். "பெங்களூர்க்காரருக்குச் சத்தம் ஆகாது, காதுல பஞ்சு வைங்கடா!" "அண்ணா, அது தேங்கா, கீழ விழுந்தா பயப்படாதீங்க!" அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் அவர்கள் வாயை மூடவைக்கவே துப்பாக்கியைப் பிடுங்கி, சரியாகக் குறிகூடப் பார்க்காமல் ஒன்று போட்டார்.

தேங்காய் வெடித்து, தண்ணீர் மாச்சம்மா தலையில்.

பெள்ளியப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பானையை உடைத்த பிள்ளை மாதிரி. "தப்பிப் பட்டுடுச்சு அப்பா... நான் வேணும்னு..."

"நீ இந்த வீட்டு ஆள்தானே?" என்றார் மாமா.

மீதி 29.

செப்டம்பர் 5

பெள்ளியப்பா கிளம்பும்முன் நிபந்தனை எழுதி வைத்தார். நானும் அதுதான் சரி என்றேன். துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றித் தனியே, தோட்டா தனியே, இரண்டு பூட்டு, சாவி அண்ணியிடம் மட்டும். விலக்குச் சான்றுக்கு விண்ணப்பம் என் பெயரில். அலுவலகத்தில் தோட்டாக் கணக்கு கேட்டார்கள். இந்த நோட்டை நீட்டினேன். சுரைக்காய், தேச்சு எல்லாம் படித்துவிட்டு அங்கே இருந்த அம்மாள் முத்திரை குத்தினாள்.

அக்டோபர் 18

தலைக்காவிரி தீர்த்தம் வந்தது. செம்பில் ஊற்றி மூலையில் வைத்தேன்.

டிசம்பர் 4

புத்தரி. முதல் கதிர் அறுத்ததும் ஒரு வெடி. நானே போடுவேன் என்று பெள்ளியப்பா அடம் பிடித்தார். போன வாரமே போனில் கேட்டார்: "அண்ணி, எண்ணெய் போட்டு வெச்சீங்களா?"

மீதி 28.

ஜனவரி 19

மாமா காலையில் போனார். காப்பி கேட்டார், இரண்டு மடக்கு குடித்தார். பிறகு தீர்த்தம், ஒரு கரண்டி, உள்ளே இறங்கியது. இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தார்கள்.

சாவியைக் கொடுத்தேன். பெள்ளியப்பா போல்ட்டைப் பொருத்தி, துப்பாக்கியை என் கையில் வைத்தார்.

"நீங்க போடுங்க அண்ணி. அவர் உங்களைத்தான் சொல்லியிருந்தார்."

முற்றத்துக்கு வந்தேன். உத்தய்யா பின்னால் நின்று மெதுவாகச் சொன்னார்: "ஆகாசம்தான் போஜி. தப்பாது."

அடுத்தடுத்து இரண்டு.

வேலியில் சேலை இல்லை. எதிர்ச்சரிவில் மாச்சம்மா வீட்டுக் கதவு திறந்தது. கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய், வெள்ளைச் சேலையில் இறங்கி வந்தாள்.

மழை இல்லை. மீதி 26.