புள்ளி விழாத மிஷின்

12-3-1988
வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இன்றோடு ஐந்து மாதம். திருத்தணியில் இந்த நெசவாளர் சங்க ஆபீசைப் பெருக்கித்தான் சோறு. கம்ப்யூட்டர் அறைக்குச் செருப்புக்கூட ஆகாதாம். அவரைப் படுக்க வைத்திருந்த ஆஸ்பத்திரியில் இவ்வளவு சுத்தம் இல்லை. தூ.

15-3
தப்பு செய்துவிட்டேன். கம்ப்யூட்டர் பார்க்கும் இளங்கோவன் சார் மிஷினில் ஏதோ தட்டிவிட்டு, "யாரையும் உள்ள விடாதீங்க தாயாரம்மா" என்று சாப்பிடப் போனார். அது ஓடுகிறது என்று சொல்லவில்லை. அரைமணி நேரம் கறுப்புத் திரையில் ஓர் எழுத்துகூட அசையவில்லை. பொதட்டூர்பேட்டையில் எங்கள் விசைத்தறிச் சத்தம் நின்றால் ஓடிப்போய் சுவிட்சை அணைப்போம், இல்லையென்றால் மோட்டார் கருகிவிடும். அதே கை. அணைத்துவிட்டேன்.

இரண்டாயிரம் நெசவாளர் பட்டியல் பாதியில் போச்சாம். மானேஜர் பச்சையப்பன், "வெள்ளிக்கிழமை கமிட்டி வருது. உன்னை வச்சுக்கறதா வேணாமான்னு அவங்க சொல்லட்டும்" என்றார்.

16-3
அந்த அசையாத திரையே கண்ணில் நிற்கிறது. அவரைக் கொண்டுபோன ஆப்பரேஷன் அறைக் கதவும் இப்படித்தான், நாலு மணி நேரம் அசையவில்லை. நர்சுகளில் ஒருத்தியாவது வெளியே வந்து, நடந்துகினு இருக்குதும்மா என்று சொன்னாளா? வேறு வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார்களோ என்று தேடிக்கொண்டு மாடிக்குப் போனேன். அப்போதுதான் அவரை வெளியே கொண்டுவந்தார்கள். கண் திறந்து என்னைத் தேடினாராம். நான் வரும்போது முகத்தை மூடியிருந்தார்கள்.

ஏன் போனேன்? அந்தக் கதவருகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே.

18-3
கமிட்டி. வாயில் தானாக வந்துவிட்டது. "ஓடுதா, செத்துப்போச்சான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? சாருக்குத் தெரியுமா?"

"கம்ப்யூட்டருக்கே பாடம் எடுக்கறா பாரு" என்று பச்சையப்பன் சிரித்தார்.

இளங்கோவன் சார் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் தெரியாதுங்க. நின்னுபோச்சுன்னு நினைச்சு நானே ரெண்டு தடவ அணைச்சிருக்கேன்" என்றார்.

வேலை தப்பித்தது. ஆனால் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாரே, பாவி. அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

26-3
இப்போது நூறு நூறு பெயர் முடியும்போதெல்லாம் திரையில் ஒரு புள்ளி விழுகிறது. சார் ப்ரோக்ராமை மாற்றி எழுதினாராம்.

"எல்லா வேலைக்கும் விழுமா?"

"தட்டினதும் முடியறதுக்கு எதுக்கும்மா? ஆளைக் காக்க வைக்கற வேலைக்கு மட்டும்தான்."

இவ்வளவுதானா? ஒரு புள்ளி. அதை வைக்க அந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு என்ன கேடு?

9-4
பட்டியல் ஓடியது. மானேஜர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நெசவாளர் அட்டை வாங்க வந்த கூட்டம்; பட்டியல் முடிந்தால்தான் அட்டை. ஆர்.கே.பேட்டை கௌரியம்மாள் கைக்குழந்தையோடு எழுந்து, "இன்னைக்கு ஆகாது போல. பஸ்சுக்குப் போறேன்" என்றாள்.

கம்ப்யூட்டர் அறைக்குள் போய்ப் பார்த்தேன். பதினோரு புள்ளி.

"பாதிக்கு மேல ஆச்சு. நடந்துகினு இருக்குது. போயிடாத, உக்காரு."

உட்கார்ந்தாள். இருபதாவது புள்ளி வரை உள்ளே போய்ப் பார்த்து வந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரும் எழுந்து போகவில்லை.